வாசலில் படி இல்லாத வீடு

1

அன்று அந்த மனையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் தம்பி சூசை, அவன் மனைவி பிலோமினா, மேசன் ஏழுமலை, கிளியனூர் நர்சரியில் இருந்து செடி பார்த்துச் சொல்ல வந்திருந்த முருகையன். தம்பியின் போனுக்குள் என் மகள் ஜோசபின் இருந்தாள். அவள் இருக்கும் பாரிஸ் பக்கத்தில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் இல்லை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தேன். மருந்து சாப்பிட்டுவிட்டுத் தம்பி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

வீடு முடிந்துவிட்டது. வாசல்தான் பாக்கி. கேட்டுக்கும் தலைவாசலுக்கும் நடுவில் இருபது அடி இடம், வெறும் மண்ணாகக் கிடந்தது. அதில் என்ன வைப்பது, எங்கே வைப்பது, எப்படி நடந்து வீட்டுக்குள் போவது என்று முடிவு செய்யக் கூடியிருந்தோம். கோடு போடுவதற்கு ஏழுமலை சுண்ணாம்புப் பொடியோடு நின்றார்.

"அஞ்சு படி வரும்மா," என்றார். "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம், லாபம். கடைசி படி லாபத்துல நிக்கணும். மேல கருப்பு கிரானைட் ஒட்டிட்டா ஜம்முனு இருக்கும்."

"படி வேணாங்க."

"ஒண்ணு கூடவா வேணாம்?"

"ஒண்ணு கூட வேணாம். சாய்வா போட்டுடுங்க."

"கார் ஏத்தப் போறீங்களா?"

பிலோமினா முந்திக்கொண்டாள். "அண்ணி, வாசல்ல சறுக்கல் வச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். வீடு மந்திரிக்க வர்ற சர்ச் சாமியாரு, பேஷண்ட் எந்த ரூம்லன்னு கேக்கப் போறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது இரண்டு வருடம். இடது கையும் காலும் போய், கால் மட்டும் பாதி திரும்பி வந்தது. கம்பு ஊன்றிச் சமதரையில் நடப்பார். படி என்றால் நின்றுவிடுவார். ஆனால் அதை வாயால் சொல்ல மாட்டார். பிரான்சில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலை பார்த்தவர். அதே ஆஸ்பத்திரியில் அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் தள்ளினவன். என்னைத் தள்ள விடமாட்டேன்," என்று என்னிடம் தமிழில் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

"அதனால சாய்வு இருக்கணும். ஆனா அது சாய்வுன்னு தெரியக் கூடாது. தோட்டம்னு தெரியணும்," என்றேன்.

ஏழுமலைதான் கையில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தபடி கேட்டார்: "சாருக்குத் தெரியாம சாருக்கே வழி போடணும், அவ்வளவுதானே?"

2

இதை எழுதுவது பாரிசுக்கு வெளியே, ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் இருந்து. வீடு மந்திரித்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் எனக்கு வேலை. பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளை மெஷினில் அடுக்க வேண்டும், மேசை துடைக்க வேண்டும், மிச்ச ரொட்டியைப் பையில் கொட்ட வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு இது குறைச்சல் இல்லை. ஆனால் எனக்கு எதையும் முதலில் கெட்டதாக நினைத்துப் பார்க்கிற குணம். போன் அடித்தால் சாவு. அடிக்கவில்லை என்றால் அதைவிடப் பெரிய சாவு. ரொட்டிப் பையைக் கட்டும்போதுகூட, இந்நேரம் அங்கே மாலை ஆகியிருக்கும், கேட்டுக்கு வெளியே நின்றிருப்பார், நாய் ஏதாவது குறுக்கே வந்திருக்குமோ என்று ஓடும்.

மூன்றாவது மாடி என்றேன். லிஃப்ட் இருக்கிறது. மாதத்தில் பாதி நாள் அதன் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒட்டியிருந்தால் நடக்க வேண்டும். அவருக்கு அந்தக் காகிதம் ஜெயில் பூட்டு. ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே ஒரு குளிர்காலம் முழுக்கக் கழிந்தது. ஒருநாள் சொன்னார்:

"செல்வி, என்னை ஊருக்கு அனுப்பிடு. தரையில இருக்கற வீடா இருந்தா நானே வெளிய போவேன், நானே உள்ள வருவேன்."

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் வீடு கட்டினோம். அவர் தரையில் இருக்கிற வீடு கேட்டார். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய மனை எங்களுடையது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எங்கே வரை ஏறும் என்று அங்கே யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் தரையில் இருந்து இரண்டரை அடி தூக்கித்தான் கட்ட வேண்டியிருந்தது. அந்த இரண்டரை அடிதான் என் தூக்கத்தைத் தின்றது.

நான் கூடவே இருந்தால் கையைப் பிடித்து ஏற்றிவிடுவேன். ஆனால் நான் இருக்கப்போவதில்லை. எனக்குப் பென்ஷன் வர இன்னும் சில வருடம் இங்கே தட்டு கழுவியாக வேண்டும். அவர் அங்கே, நான் இங்கே. நான் இல்லாத வாசலில் அவர் விழக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

3

ஜோசபின் கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்து அனுப்பியிருந்தாள். லாவெண்டர், வெள்ளைக் கூழாங்கல், நடுவில் ஒரு ஆலிவ் மரம், தரையில் புதைத்த விளக்குகள். மிக அழகாக இருந்தது. முருகையன் போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"பாப்பா, படம் சூப்பரா இருக்குது. ஆனா இந்தச் செடிங்களுக்கு மரக்காணத்துல விசா கிடைக்காது."

அவள் சிரித்தாள். தமிழ் புரியும், பேச வராது. பதில் பிரெஞ்சில்தான் வரும். அன்றும் பிரெஞ்சில் என்னிடம் கேட்டாள்: "அப்பாவிடமே கேட்டால் என்னம்மா? அது அவர் உடம்பு. அவர் நடக்கிற பாதை." நான் அதை மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. "உனக்குப் புரியாது," என்றேன். "புரிகிறது, அதனால்தான் கேட்கிறேன்," என்றாள். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு எதையும் நேராகக் கேட்டுவிட வேண்டும். நமக்கு நேராகக் கேட்பது என்றால் கன்னத்தில் அறைவது போல. இரண்டுக்கும் நடுவில் நான் எத்தனையோ வருடம் நின்றுவிட்டேன், இன்னும் எந்தப் பக்கம் சரி என்று தெரியவில்லை. சிறிது நேரத்தில், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

செடி விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். பிரான்சில் இருந்தபடியே, பெருமுக்கல் பக்கத்தில் இருந்து செம்மண் லாரியில் அடித்து வாசலில் பரப்பச் சொல்லி, ரோஜாவும் குரோட்டன்சும் நடச் சொன்னேன். இரண்டு மாதம் போட்டோவில் பச்சையாக இருந்தது. வெயில் ஏறியதும் இலை ஓரமெல்லாம் தீயில் காட்டியதுபோலக் கருகிவிட்டது. உப்பு கீழே இருந்து ஏறி வந்துவிட்டது. உப்பளத்துக்காரன் மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"மேல மண்ணைக் கொட்டினா உப்பு அடங்கிடுமாங்க?" என்றார் முருகையன். "தொட்டி மாதிரி கட்டணும். அடியில கருங்கல் ஜல்லி, மேல மணலு, அதுக்கு மேல செம்மண்ணு. ஜல்லியைத் தாண்டி உப்பு ஏறாது. முட்டி ஒசரம் போதும்."

"இடுப்பு ஒசரம் கட்டுங்க."

"இடுப்பா? செடி வைக்கிறீங்களா, எருமை கட்டப் போறீங்களா?"

"பாதைக்கு ரெண்டு பக்கமும் கட்டுங்க. மேல் விளிம்பை உருட்டி, வழவழன்னு பூசிடுங்க."

முருகையனுக்குப் புரியவில்லை. ஏழுமலைக்குப் புரிந்துவிட்டது. அவர் தன் வலது கையை இடுப்பு உயரத்தில் நீட்டி, இல்லாத சுவரைப் பிடித்தபடி நான்கு எட்டு நடந்து காட்டினார். திரும்பி வந்தார். போகும்போது ஒரு சுவர், வரும்போது மறு சுவர், இரண்டும் நல்ல கைப் பக்கம். "ஆமாப்பா," என்றார் முருகையனிடம், "எருமைதான் கட்டப் போறோம். நீ பேசாம இரு."

இரண்டரை அடி உயரத்துக்குச் சாய்வு முப்பது அடி நீளமாவது வேண்டும் என்று ஏழுமலை கணக்குச் சொன்னார். இருப்பதோ இருபது அடி. அதனால் பாதை ஒரு பக்கமாகப் போய், வளைந்து, திரும்பி வர வேண்டும். நேராகப் போகிற வாசலை விட்டுவிட்டு ஏன் சுற்றிக்கொண்டு போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்பாரே?

வழி சொன்னது பிலோமினாதான். "அந்த வளைவுல சின்னக் குகை மாதிரி மாதா கெபி வச்சிடலாம் அண்ணி. மாதாவைச் சுத்தினு உள்ள போற மாதிரின்னு சொல்லிடலாம். எதிர்ல ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஜெபம் சொல்றதுக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணா களைச்சுப் போனா உக்காரவும் ஆச்சு," என்றாள். ஆஸ்பத்திரி என்று கேலி பேசியவள் அவள்தான். அன்று முதல் அவளை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

பூவில்தான் பிலோமினாவும் நானும் முட்டிக்கொண்டோம். தொட்டி கட்டினாலும் அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது, எல்லாப் பூவும் தாங்காது. காகிதப்பூ தாங்கும், முள் இருப்பதால் கை வைக்கிற இடத்தில் ஆகாது. அரளி தாங்கும், பால் விஷம் என்று எனக்குப் பயம். நித்தியகல்யாணி வைத்தால் கேள்வியே இல்லாமல் பூக்கும் என்றார் முருகையன்.

"அய்யய்யோ, சுடுகாட்டு மல்லி!" என்று பிலோமினா காதைப் பொத்திக்கொண்டாள். "நம்ம கல்லறைத் தோட்டம் பூரா அதுதான். புது வீட்டு வாசல்ல அதை வைப்பாங்களா?"

ஆனாலும் சரி என்றேன். வாடிப்போன ரோஜாவைத் தாண்டி அவர் தினமும் நடப்பதைவிட, பூத்துக் கிடக்கிற கல்லறைப் பூவைத் தாண்டி நடக்கட்டும். வெள்ளை வேண்டாம், ரோஸ் நிறம் மட்டும் என்று பிலோமினா சமாதானத்துக்கு வந்தாள்.

என் அப்பா உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவர். பாத்தித் தரை கண்ணாடி மாதிரி ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் விரல் அளவு சாய்ந்தாலும் தண்ணீர் அங்கே போய் நின்றுவிடும், மறுபக்கம் உப்பு விளையாது. ஈரத்தில் கால் வைத்த உடனே எந்தப் பக்கம் சாய்வு என்று சொல்லிவிடுவார். சாய்வைக் கண்டுபிடித்துச் சரி செய்வதுதான் அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது அவர் ஞாபகம் வந்தது. நான் சாய்வு போடச் சொல்லி ஆள் வைத்திருக்கிறேன்.

4

மந்திரிப்பு அன்று சொந்தமும் பங்குச் சனமும் வீட்டு முன்னால் நிறைந்து நின்றார்கள். சாமியார் தீர்த்தச் செம்போடு தலைவாசலில் தயாராக இருந்தார். வீட்டுக்குச் சொந்தக்காரன் முதலில் நுழைய வேண்டும். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, கேட்டில் நின்று, வாசலை மேலும் கீழும் பார்த்தார். நித்தியகல்யாணி இரண்டு பக்கமும் பூத்திருந்தது.

"படி எங்கடா?" என்று சூசையைக் கேட்டார்.

"மாதாவைச் சுத்தினு போறோம் மாமா. அதான் பாதையா விட்டுட்டோம்," என்றான் சூசை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அவன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்பித்தான்.

அவர் கம்பை சூசையிடம் கொடுத்துவிட்டு, வலது கையைத் தொட்டிச் சுவரில் வைத்து நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் இரண்டு எட்டு தள்ளி. தொடக் கூடாது என்று என் கையை நானே பிடித்துக்கொண்டேன். வளைவு வந்தது. கெபிக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்திருக்கவில்லை. சனம் கிசுகிசுக்கத் தொடங்கியது. சாமியார் செம்பை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அண்ணா, தலை சுத்துதா?" என்றாள் பிலோமினா.

"இல்லம்மா. மாதா கிட்ட ஒரு விஷயம் பேசினு இருக்கேன். சாமியாரை ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லு. அவருக்கும் மேலிடம்தானே."

சிரிப்பு எழுந்தது. நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கெபியைப் பார்த்தபடியே கேட்டார்:

"அடிக்கு ஒரு இஞ்சா?"

"என்னங்க?"

"சாய்வு. இத்தனை வருஷம் கட்டில் தள்ளியிருக்கேன் செல்வி. மேல ஏறுதுன்னா காலுக்குத் தெரியாதா? தோளுக்குத் தெரியாதா?"

"கோவமா?" என்றேன்.

"கோவந்தான்." சுவரின் மேல் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். "பூசினவன் நல்லா பூசியிருக்கான்."

எழுந்தார். மிச்சப் பாதையை ஒரு கையால் பிடித்தபடி நடந்து, யாரும் தொடாமல், தலைவாசலைத் தாண்டி உள்ளே போனார். தீர்த்தம் முதலில் அவர் தலையில்தான் விழுந்தது. அதன்பிறகு நான் பிரான்சுக்குக் கிளம்பும்வரை அந்தச் சாய்வைப் பற்றி எங்கள் இருவருக்குள் ஒரு பேச்சும் இல்லை. காலையில் எழுந்ததும் நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். தனியாக இறங்கிப் போவார். ரோடு வரை போய், பால்காரரோடு நின்று பேசிவிட்டு, தனியாக ஏறி வருவார்.

5

இங்கே திரும்பி வந்த பிறகு ஒரு அலுவலகத்தில் காகிதம் புதுப்பிக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "உங்கள் கணவர்?" என்று கேட்டாள். "போய்விட்டார்," என்றேன். இந்தியாவுக்கு என்ற வார்த்தையைச் சேர்க்க வேண்டும் என்று அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மிக மெதுவாக ஏதோ ஆறுதல் சொன்னாள். நான் "மெர்சி" என்று நன்றி சொல்லி, காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அவள் எதற்காக வருத்தப்பட்டாள் என்று உறைத்தது. திரும்ப ஓடினேன். நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முன்பதிவு செய்து வாருங்கள் என்றார்கள். முன்பதிவு கிடைத்தது இரண்டு மாதம் கழித்து.

அந்த இரண்டு மாதமும் அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் அவர் உயிரோடு இருந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லதா போச்சு. இனிமே அவங்க லெட்டர் போட மாட்டாங்க." நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு ஜெபமாலை சொன்னேன். ஜோசபின் அந்தப் பக்கம் போனவள் பார்த்துவிட்டு, "யாருக்காக?" என்றாள். "சும்மா," என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபம் அவளுக்கு மறந்துவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

6

தினமும் வீடியோவில்தான் பேசுவார். போனைத் திருப்பி வாசலைக் காட்டுவார், இன்று எவ்வளவு பூ, கெபியில் யார் விளக்கு ஏற்றினார்கள் என்று. இந்த மாதம் தொடங்கியதில் இருந்து வாசலைக் காட்டவில்லை. கட்டிலில் இருந்தபடியே பேசுவார். சூசையைக் கேட்டால், "மாமா நல்லாத்தான் இருக்காருக்கா, நீ ஏன் அங்க உக்காந்து பயந்துனு இருக்கே," என்பான். நல்லாத்தான் என்பதில் அந்தத் தான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். வீடியோ இல்லை, வெறும் குரல். பின்னால் யாரோ எதையோ உடைக்கிற சத்தம் கேட்டது.

"என்னங்க சத்தம்?"

"ஏழுமலை. வளைவுல இருக்கற தொட்டியை எடுக்கச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு? பூ செத்துப் போச்சா?"

"பூ நல்லா இருக்குது. பிலோமினா கெபிக்குப் பின்னால மாத்தி வச்சிட்டா. வளைவு பத்தலை செல்வி. வண்டி திரும்பணும்னா அகலம் வேணும். உன் மேசனுக்கு அது தெரியாது. நான் தள்ளினவன், எனக்குத் தெரியும்."

"எந்த வண்டி?"

உடைக்கிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"நான் உக்கார்ற வண்டி. பாண்டியில சூசை பாத்து வச்சிருக்கான். நாளைக்கு வருது."

எப்போது விழுந்தீர்கள், கால் எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தது. அவர் விட்ட இடத்தில் இருந்து பேசிக்கொண்டே போனார், வீட்டு வேலைக்கு ஆள் வைத்தவர் பேசுவதுபோல.

"பெஞ்சையும் எடுக்கச் சொல்லிட்டேன். நான்தான் உக்காந்துகினே வருவேனே, எனக்கு எதுக்குத் தனியா ஒரு பெஞ்சு. சாய்வு சரியா இருக்குது, அதுல கை வைக்க வேணாம்னு சொல்லிட்டேன். அது நீ போட்டது." கொஞ்சம் இருமினார். "கூலி, சிமெண்ட், ஜல்லி எல்லாம் சேர்த்து பதினோராயிரத்து ஐந்நூறுன்னு பேசியிருக்கேன். மூவாயிரம் கையில இருந்துது, குடுத்துட்டேன். இந்த வாரத்துக்குள்ள மிச்சத்தை அனுப்பிடு. அவன் பாவம், கேக்க மாட்டான்."

"அனுப்பறேங்க," என்றேன்.

ஏழுமலைக்கு இன்னும் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.